பணம் முன்னே, பயணம் பின்னே

அயல்நாட்டில் பல ஆண்டுகள் உழைத்த ஒருவர் ஊர் திரும்பும்போது, அவருடைய உழைப்பின் மதிப்பு இரண்டு முறை கணக்கிடப்படுகிறது. முதல் முறை, வேலை கொடுத்தவர் அதைத் திர்ஹமாகவோ ரியாலாகவோ சிங்கப்பூர் டாலராகவோ எண்ணித் தருகிறார். இரண்டாம் முறை, அந்தத் தொகையை ஒரு வங்கியோ நாணய மாற்று நிலையமோ ரூபாயாக மாற்றித் தருகிறது. முதல் கணக்கில் ஒரு நாள் சம்பளம் குறைந்தாலும் கேள்வி கேட்கும் தொழிலாளி, ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடிய இரண்டாவது கணக்கைப் பெரும்பாலும் பயணத்தின் அவசரத்தில் முடித்துவிடுகிறார்.

இந்திய ரிசர்வ் வங்கி 2023-24ஆம் ஆண்டுக்காக நடத்திய ஆய்வின்படி, அயல்நாடுகளிலிருந்து தனிமனிதர்கள் இந்தியாவுக்கு அனுப்பும் பணத்தில் ஏறக்குறைய 38 விழுக்காடு வளைகுடாவின் ஆறு நாடுகளிலிருந்து வருகிறது. அதைப் பெறும் மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடத்தில், 10 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதலான பங்குடன் தமிழ்நாடு நிற்கிறது. மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்புவது எல்லோருக்கும் பழகிப்போன வேலை. கடைசியாக அனுப்பும் பணம் அப்படிப்பட்டதன்று; தொகை பெரிது, வாய்ப்பு ஒரே முறை, அனுப்புகிறவரின் விசா, வங்கிக் கணக்கு, சட்ட நிலை ஆகிய அனைத்தும் அதே நாட்களில் மாறுகின்றன. ஆகவே, அந்த நாட்டில் தமக்கு இருப்புரிமை உள்ளபோதே பணத்தை முறையான வழியில் ஊருக்கு அனுப்பிவிட்டு, அதன்பின் பயணப்படுவதே திரும்புகிறவர் கடைப்பிடிக்க வேண்டிய முதல் விதியாகும்.

வரலாறு தந்த பாடம்

இந்த விதியைத் தமிழர்கள் பெரும் இழப்புகளின் வழியே கற்றிருக்கிறார்கள். 1962இல் பர்மாவில் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின் அரசு, வங்கிகளையும் கடைகளையும் நாட்டுடைமையாக்கியதோடு, 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவித்தது. தலைமுறைகளாக அங்கே வணிகமும் உழைப்புமாக வாழ்ந்த இந்தியர்கள் வெளியேறியபோது, எடுத்துச் செல்லும் பணத்துக்கும் நகைக்கும் கடுமையான வரம்புகள் விதிக்கப்பட்டிருந்ததால், உழைத்துச் சேர்த்தவற்றில் மிகச் சிறு பகுதியுடன்தான் அவர்களில் பலர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள்.

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று வகுத்தபோது, அவர்களின் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் உள்ளிட்ட உடைமைகளை எடுத்துச் செல்ல இடமளித்ததுடன், ஒரு குடும்பத்துக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்ற உறுதியையும் பதிவு செய்தது. தோட்டங்களில் ஆயுள் முழுவதும் உழைத்தவர்களுடைய சேமிப்பின் எல்லையை இரண்டு அரசுகள் எழுதிய ஒரு வாக்கியம் தீர்மானித்தது என்பது, வெளியேறுகிறவரின் பணம் எவ்வளவு வலுவற்ற நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது இதே நிலை வளைகுடாவில் நேர்ந்தது. உலகின் மதிப்பு மிகுந்த நாணயங்களுள் ஒன்றாகிய குவைத் தினாரை ஈராக் தன் தினாருக்குச் சமமாக்கிப் பின்னர் ஒழித்தது. குவைத் விடுதலை பெற்றபின் அந்நாட்டு அரசு பழைய நோட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதியவற்றை வெளியிட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானங்களில் மீட்கப்பட்ட அந்த மாதங்களில், முன்கூட்டியே ஊருக்கு அனுப்பப்பட்ட பணம் மட்டுமே ஐயத்துக்கு இடமின்றி உழைத்தவருக்குச் சொந்தமாக இருந்தது. மற்றவர்கள் ஐக்கிய நாடுகள் அவை 1991இல் ஏற்படுத்திய இழப்பீட்டு ஆணையத்திடம் விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

மாற்று வீதம் எப்படி அமைகிறது

வளைகுடா நாணயங்களில் குவைத் தினாரைத் தவிர மற்ற ஐந்தும் அமெரிக்க டாலருடன் நிலையான வீதத்தில் பிணைக்கப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.6725 அமீரகத் திர்ஹம், 3.75 சௌதி ரியால், 3.64 கத்தார் ரியால் என்ற கணக்கு பல ஆண்டுகளாக மாறவில்லை. குவைத் மட்டும் 2007 முதல் பல நாணயங்களின் தொகுப்பை அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. ஆகையால் திர்ஹமின் ரூபாய் மதிப்பை அறிய விரும்புகிறவர், டாலரின் ரூபாய் மதிப்பை 3.6725ஆல் வகுத்தால் போதும். எடுத்துக்காட்டாக, டாலர் 90 ரூபாயாக இருக்கும் ஒரு நாளில் திர்ஹம் ஏறத்தாழ 24.50 ரூபாயாகவும் சௌதி ரியால் 24 ரூபாயாகவும் இருக்கும்.

வங்கிகள் தங்களுக்குள் கொண்டும் கொடுத்தும் வரும் இந்த விலையை நடு வீதம் எனலாம். பொதுமக்களிடமிருந்து அயல்நாணயத்தைப் பெறும்போது அதைவிடக் குறைந்த வாங்கும் வீதத்தையும், பொதுமக்களுக்குக் கொடுக்கும்போது அதைவிடக் கூடிய விற்கும் வீதத்தையும் நிறுவனங்கள் வைக்கின்றன. இவற்றுக்கும் நடு வீதத்துக்கும் உள்ள இடைவெளியே அவற்றின் வருவாய். மேற்சொன்ன நாளில் 50,000 திர்ஹத்தை ஒருவர் 24.35 வீதத்தில் அனுப்பினால் 12,17,500 ரூபாய் கிடைக்கும். அதே தொகையை நோட்டாகக் கொண்டுபோய் 23.25 வீதம் தரும் ஒரு முகப்பில் மாற்றினால் 11,62,500 ரூபாய்தான் கிடைக்கும். இரண்டுக்கும் இடையே 55,000 ரூபாய் வேறுபாடு இருக்க, அனுப்பும் கட்டணமோ சில நூறு ரூபாய் அளவிலேயே நிற்பது வழக்கம். கட்டணமே இல்லை என்று எழுதி வைத்திருக்கும் இடத்தில் அந்தக் கட்டணம் வீதத்துக்குள் அடங்கியிருக்கக்கூடும் என்பதால், எல்லாக் கழிவுகளும் போக எத்தனை ரூபாய் ஊர்க் கணக்கில் சேரும் என்ற ஒரே கேள்வியை ஒரே நாளில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிடுவதே சரியான முறை.

நோட்டாகக் கொண்டுவருவதா, கணக்கில் அனுப்புவதா

கணக்கிலிருந்து கணக்குக்குச் செல்லும் பணத்துக்கு நல்ல வீதமும் கையில் உள்ள நோட்டுக்குத் தாழ்ந்த வீதமும் தரப்படுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. நோட்டை வாங்கும் நிறுவனம் அதைச் சரிபார்த்து, பாதுகாத்து, காப்பீடு செய்து, தேவைப்படும் நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. அதுவரை அந்தப் பணம் வட்டியின்றி முடங்கிக் கிடக்கிறது. சில்லறைக் காசுகளை ஏறக்குறைய எந்த நிலையமும் வாங்குவதில்லை. திர்ஹத்தை முதலில் டாலர் நோட்டாக மாற்றிக்கொண்டு, அதை ஊரில் ரூபாயாக மாற்றுகிறவர் அந்த இடைவெளியை இரண்டு முறை செலுத்துகிறார்.

இந்தியாவில் நாணயம் மாற்றும்போது சரக்கு மற்றும் சேவை வரியும் உண்டு. மாற்றும் தொகை முழுவதற்கும் வரி விதிக்கப்படுவதில்லை. தொகையில் ஒரு சிறு பங்கே சேவையின் மதிப்பாகக் கொள்ளப்பட்டு, அதன்மீது 18 விழுக்காடு கணக்கிடப்படுகிறது. அவ்வாறு 5 இலட்ச ரூபாய்க்கு 540 ரூபாயும் 10 இலட்ச ரூபாய்க்கு 990 ரூபாயும் வரியாகின்றன. வங்கி வழியாக அனுப்பும்போது, அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு வங்கி நின்று தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதும் உண்டு என்பதால், அச்செலவு யாரைச் சேர்ந்தது என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிவது நல்லது. வளைகுடாவின் நாணய மாற்று நிலையங்கள் இந்திய வங்கிகளுடன் செய்துகொண்டுள்ள உடன்பாடுகள் வழியே அனுப்பப்படும் பணம் பெரும்பாலும் ரூபாயாகவே வந்து சேர்கிறது. சிங்கப்பூரிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு, 2023 பிப்ரவரி 21 அன்று தொடங்கிய யுபிஐ-பேநவ் இணைப்பு சிறு தொகைகளை உடனுக்குடன் கொண்டு சேர்க்கிறது. கடைசிப் பெருந்தொகைக்கு வங்கி வழியே ஏற்றது.

முடிவுக் கணக்கும் பணிக்கொடையும்

முன்கூட்டியே பணத்தை அனுப்ப எண்ணுகிறவருக்குப் பெருந்தடையாக இருப்பது, கடைசித் தொகை தாமதமாகக் கைக்கு வருவதுதான். வளைகுடாத் தமிழர்கள் செட்டில்மென்ட் என்று சொல்லும் முடிவுக் கணக்கில் நிலுவைச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான ஊதியம், பணிக்கொடை ஆகியவை அடங்கும். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு நிறைவு செய்த தொழிலாளிக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன்பின் ஒவ்வொரு ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாகச் சேர்கின்றன. ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்க வேண்டும். சௌதி அரேபியாவில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அடுத்து வருபவற்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது கணக்கு. ஆயினும் தாமே வேலையை விடுகிறவருக்கு, பணியாற்றிய காலத்தைப் பொறுத்து அதில் ஒரு பங்கு குறையும். சிங்கப்பூரில், வேலை முடித்து வெளியேறும் அயல்நாட்டவரைப் பற்றி வேலை கொடுத்தவர் பொதுவாக ஒரு மாதம் முன்பே வரித்துறைக்கு அறிவித்து, வரி தீரும்வரை அவருக்குரிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டியிருப்பதால், கடைசிச் சம்பளம் கடைசி நாளில் கைக்கு வரும் என்று கணக்கிடக் கூடாது.

இந்த இடைவெளியில்தான் பலர் தவறான முடிவுக்குத் தள்ளப்படுகிறார்கள். விமானச் சீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்பதற்காக, பணம் பிறகு வரும் என்ற வாய்மொழியை நம்பிப் புறப்பட்டுவிட்டால், பிறகு அதைக் கேட்பதற்கு அந்நாட்டில் ஆளிருப்பதில்லை. எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிய தாளில் பணம் வருமுன் கையெழுத்திடாமல் இருப்பதும், சம்பளக் கணக்கை மூடும் வேலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதும், அயல்நாட்டுக் கைப்பேசி எண்ணுக்கு வரும் கடவுச்சொல் இல்லாமல் வங்கிச் செயலி இயங்காது என்பதால் அந்த எண்ணைச் சில மாதங்கள் உயிரோடு வைத்திருப்பதும் தேவையான முன்னெச்சரிக்கைகள். தனிக்கடனோ கடன் அட்டை நிலுவையோ உள்ளவர்களின் பணிக்கொடையை வங்கிகள் கடன் தீரும்வரை பிடித்து வைப்பது உண்டு. ஆகவே கடனை முதலில் அடைத்து, நிலுவை இல்லை என்ற சான்றை வாங்கிக்கொண்டு, மீதியை அனுப்புவதே ஒழுங்கு.

எந்தக் கணக்கில் சேர்ப்பது

அயல்நாடு வாழ் இந்தியர்களுக்கு இந்திய வங்கிகளில் மூன்று வகைக் கணக்குகள் உள்ளன. என்.ஆர்.இ. கணக்கு அயல்நாட்டு வருமானத்தை ரூபாயாக வைத்துக்கொள்வது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை, பணத்தை மீண்டும் வெளிநாட்டுக்குத் தடையின்றிக் கொண்டு செல்லலாம். என்.ஆர்.ஓ. கணக்கு வாடகை, ஓய்வூதியம் போன்ற இந்திய வருமானத்துக்கு உரியது. அதன் வட்டிக்கு வரி உண்டு. எஃப்.சி.என்.ஆர். என்பது ஒன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை அயல்நாணயத்திலேயே வைக்கப்படும் வைப்புத்தொகை. கடைசிச் சம்பாத்தியத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலோ உறவினர் கணக்கிலோ போட்டுவிட்டால், அது அயல்நாட்டில் ஈட்டியது என்பதற்கான தெளிவான தடம் மங்கிவிடுகிறது. என்.ஆர்.இ. கணக்கில் நேரடியாகச் சேர்த்து, பணம் வந்ததற்கான வங்கிச் சான்றையும் சம்பளச் சீட்டுகளையும் பாதுகாத்தால், பிற்காலத்தில் வருமான வரித் துறை கேட்கும் எந்தக் கேள்விக்கும் விடை கையில் இருக்கும். அயல்நாட்டில் வாழ்ந்த காலத்தில் அங்கே ஈட்டிப் பெற்ற சம்பளத்தின் சேமிப்பை இந்தியாவுக்குக் கொண்டுவருவது புதிய வருமானம் ஆகாது. அதற்கு வரி இல்லை.

ஊரிலேயே தங்கும் எண்ணத்துடன் திரும்பியவர், 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் பார்வையில், வந்தவுடனேயே இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிடுகிறார். அப்போது வங்கிக்குத் தெரிவித்து என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும்; எஃப்.சி.என்.ஆர். வைப்பு மட்டும் முதிர்வு வரை பழைய வட்டியிலேயே தொடரலாம். பணத்தை உடனே ரூபாயாக்க விரும்பாதவர்களுக்கும் மீண்டும் வெளிநாடு செல்லக்கூடியவர்களுக்கும் ஆர்.எஃப்.சி. என்ற கணக்கு இருக்கிறது. திரும்பி வந்தவர் தம் அயல்நாணயத்தை அதில் அந்த நாணயமாகவே வைத்திருக்கலாம். வருமான வரிச் சட்டம் இதற்கு மாறாக, இந்தியாவில் தங்கிய நாட்களை எண்ணி ஒருவரின் நிலையைத் தீர்மானிக்கிறது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவருக்கு, திரும்பிய முதல் சில ஆண்டுகளில் அவருடைய வெளிநாட்டு வருமானத்துக்கு வரி விதிக்காத இடைநிலை ஒன்றையும் அது வழங்குகிறது. இந்த இரு சட்டங்களின் கணக்கும் வேறு வேறு என்பதை அறியாமல், திரும்பிய பிறகும் என்.ஆர்.இ. கணக்கையே வைத்திருப்பது தவறு. வட்டிக்கான வரிவிலக்கு அப்போது பொருந்தாது.

விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டியது

வழிச்செலவுக்கும் கடைசி நாட்களின் தேவைக்கும் கொஞ்சம் நோட்டு கையில் இருப்பது இயல்பு. அமீரகத்திலிருந்து 60,000 திர்ஹத்துக்கு மேலும், சௌதியிலிருந்து 60,000 ரியாலை எட்டினாலும், சிங்கப்பூரிலிருந்து 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேலும் எடுத்துச் செல்கிறவர்கள் அங்கேயே அறிவித்தாக வேண்டும். இந்தியாவுக்குள் அயல்நாணயம் கொண்டுவர உச்ச வரம்பு இல்லையென்றாலும், நோட்டுகள் மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பையோ, பயணிக் காசோலைகளும் சேர்ந்து 10,000 டாலர் மதிப்பையோ தாண்டினால் சுங்கத் துறையிடம் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவிப்பதால் வரி எதுவும் வருவதில்லை. அறிவிக்காமல் பிடிபட்டால்தான் பறிமுதலும் தண்டமும் வருகின்றன. இந்திய ரூபாயை 25,000 வரை மட்டுமே கொண்டுவரலாம். அயல்நாட்டில் இந்திய நோட்டைச் சேர்த்து வைப்பதும் பாதுகாப்பன்று என்பதை 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன நிகழ்வு உணர்த்தியது.

வீதம் ஏறட்டும் என்று காத்திருக்கலாமா

வளைகுடாவுக்கும் ரூபாய்க்கும் உள்ள உறவு ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது. 1959 முதல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாப் பகுதிக்கென்றே தனி ரூபாய் நோட்டுகளை அச்சிட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 6 அன்று டாலரின் விலை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக உயரும்படி இந்தியா தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தபோது, அந்த வளைகுடா ரூபாயின் மதிப்பும் ஒரே நாளில் விழுந்ததால், அதை அதுவரை பயன்படுத்திவந்த நாடுகள் வேறு நாணயங்களுக்கு மாறின. இப்போது சம்பளம் டாலரோடு பிணைந்திருப்பதால், ரூபாய் வீழும்போது அயல்நாட்டுத் தொழிலாளிக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிறது. 2005இல் ஏறத்தாழ 12 ரூபாயாக இருந்த திர்ஹம், டாலர் 80 ரூபாயைத் தொட்ட 2022இல் 22 ரூபாயை நெருங்கியது. திர்ஹம் வளரவில்லை, ரூபாய்தான் தேய்ந்தது, ஊரில் மனை விலையும் மளிகை விலையும் அதனுடன் சேர்ந்து ஏறின.

இந்த அனுபவத்தால், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வீதம் ஏறும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. காத்திருப்பதற்கும் விலை உண்டு. 24.35 வீதத்தில் இன்றே அனுப்பிய பணத்துக்கு ஊரில் ஆண்டுக்கு 6.5 விழுக்காடு வட்டி கிடைப்பதாகக் கொண்டால், வட்டியில்லாத சம்பளக் கணக்கில் ஆறு மாதம் அதைக் கிடத்தி வைக்கிறவருக்கு இழப்பு ஈடாக வேண்டுமானால் வீதம் 25.14 ஆக உயர்ந்திருக்க வேண்டும். ஊரில் நகைக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். நாளைய வீதத்தை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், திரும்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே சேமிப்பைப் பகுதி பகுதியாக அனுப்பிவருகிறவர் உச்ச வீதத்தைப் பிடிக்காவிட்டாலும் அடிமட்ட வீதத்தில் அனைத்தையும் இழக்க மாட்டார்; பயணத்துக்குப் பின் வரக்கூடிய நெருக்கடிகளிலிருந்தும் அந்தப் பணம் தப்பிவிடுகிறது.

உண்டியல் என்றும் ஹவாலா என்றும் சொல்லப்படும் முறைசாரா வழி சற்றே கூடிய வீதத்தைக் காட்டி அழைக்கும். அங்கே ரசீது இல்லை. இடையில் இருப்பவர் பணத்தைத் தராவிட்டால் எந்த வழக்குமன்றத்திலும் முறையிட முடியாது. பணம் வந்து சேர்ந்தாலும், அது எங்கிருந்து வந்தது என்று காட்ட இயலாததால், அதைக் கொண்டு மனை வாங்கும்போதோ தொழில் தொடங்கும்போதோ நேர்மையாக ஈட்டிய பணமே கணக்கில் வராத பணமாகத் தோன்றுகிறது. அந்நியச் செலாவணிச் சட்டம் மீறலில் அடங்கிய தொகையைப் போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. பாலைவன வெயிலில் ஈட்டிய கூலியை இத்தகைய ஐயத்துக்கு உள்ளாக்குவது, எவ்வளவு நல்ல வீதம் கிடைத்தாலும் தகாத பேரமாகும்.

திரும்புகிறவருக்கும் வழிகாட்டல் வேண்டும்

வேலைக்காக வெளிநாடு புறப்படுகிறவர்களுக்கு இந்திய வெளியுறவு அமைச்சகம் முன்பயிற்சி நடத்துகிறது. அயலகத் தமிழர் நலனுக்கெனத் தமிழ்நாடு அரசு தனித் துறையும் வாரியமும் வைத்து, ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. போகிறவருக்குக் கிடைக்கும் இந்த அக்கறை திரும்புகிறவரின் கடைசி ஆறு மாதங்களுக்கும் நீள வேண்டும். பணிக்கொடையைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு தாள், அன்றைய நடு வீதத்தையும் நிலையங்களின் வீதங்களையும் ஒப்பிட்டுச் சொல்லும் ஒரு தமிழ்ச் செயலி, தூதரகங்களில் முடிவுக் கணக்கைச் சரிபார்த்துத் தரும் ஒரு முகப்பு ஆகியவை பெரும் செலவு பிடிக்கும் திட்டங்கள் அல்ல. தொழிலாளர் முகாமின் கட்டிலில் உறங்கி, பிள்ளைகள் வளர்ந்ததைக் கைப்பேசித் திரையில் பார்த்து, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒருவர் சேர்த்த தொகையில் ஒரு ரூபாய்கூட அறியாமையால் குறையக் கூடாது. நாணய மாற்றும் கூலியின் ஒரு பகுதியே என்று தொழிலாளியும் அரசும் உணர்ந்து, அதை முழுமையாகப் பெறும் வழியைப் புறப்பாட்டுக்கு முன்பே வகுத்துக்கொண்டால்தான், அயல்நாட்டில் கழிந்த ஆண்டுகளுக்கு உரிய ஊதியம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாகும்.